இரு தாய்மாரையும் எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியையாகப் பணி நிறைவு பெற்றபோது, என் கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருக்கு வயது 64, எனக்கு 60. அவருடைய தாயார், அதாவது நான் அத்தை என்று அழைப்பவர், கும்பகோணத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் 88 வயதில் இருந்தார். என் அம்மா 84 வயதில் பாளையங்கோட்டையில் தம் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். திருச்சியில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் கிழக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலும், மற்றவர் தெற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் தொலைவிலும் இருந்தார்கள். வேலையில் இருந்தவரை தூரத்தையும் விடுப்பின்மையையும் சொல்லிக் காலத்தைக் கடத்த முடிந்தது. நான் ஓய்வு பெற்ற மாதத்திலேயே, "இனிமேல் வீட்டில்தானே இருக்கப் போகிறீர்கள்" என்று இரு பக்கத்து உறவினரும் சொல்லத் தொடங்கினார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் அறுபதைக் கடந்த இருவர், எண்பதைக் கடந்த இருவரைப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பதை அப்போது யாரும் கணக்கில் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை.

2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகைக் கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு, கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் பங்கு மிகுந்த மாநிலம் நம்முடையது. அந்த 13.6 விழுக்காட்டில் பார்த்துக்கொள்ளப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற நிலையில் உள்ள தம்பதியருக்குப் பயன்படக்கூடும் என்பதால், நாங்கள் எண்ணிப் பார்த்த வழிகளையும், அவற்றில் எதை ஏன் விட்டோம், எதை ஏன் எடுத்தோம் என்பதையும் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் எல்லா வழிகளையும் பணத்தைக் கொண்டே ஒப்பிட்டோம். ஒரு நோட்டில் கோடு போட்டு, இந்த வழிக்கு மாதம் இவ்வளவு, அந்த வழிக்கு இவ்வளவு என்று எழுதினோம். அந்தக் கணக்கு எங்களை எந்த முடிவுக்கும் கொண்டுசெல்லவில்லை. அத்தை எங்கள் வீட்டில் வந்து தங்கிய முதல் பத்து நாள்களில்தான் எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்பது விளங்கியது. பகலில் அவரைப் பார்த்துக்கொள்வது எங்களுக்குக் கடினமாக இல்லை. இரவில் அவர் நான்கு முறை எழுந்தார். நான்கு முறையும் எங்களில் ஒருவர் எழுந்தோம். பத்தாவது நாள் காலையில் என் கணவர் பால் வாங்கத் தெருவில் இறங்கும்போது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்று நோட்டின் முதல் வரியில் ஒரு கேள்வியை எழுதினேன்: இந்த ஏற்பாட்டில் இரவில் எழுந்திருப்பது யார்? அதற்குப் பெயர் சொல்லி விடை கூற முடியாத எந்த ஏற்பாடும் மூன்று மாதம்கூட நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

பலரும் முதலில் சொல்லும் வழி, பிள்ளைகளுக்குள் முறை வைத்துக்கொள்வது. என் கணவருக்குச் சென்னையில் ஒரு தம்பியும் ஓசூரில் ஒரு தங்கையும் இருக்கிறார்கள். ஆளுக்கு நான்கு மாதம் என்று பிரித்தால் ஒருவர் மீது மட்டும் சுமை விழாது என்பதும், எல்லாப் பிள்ளைகளின் வீட்டிலும் இருந்த நிறைவு தாய்க்குக் கிடைக்கும் என்பதும் இதன் நன்மைகள். நினைவு தெளிவாக இருப்பவருக்கு இது ஏற்ற வழியாக இருக்கலாம். அத்தைக்கு அப்படி இல்லை. அவருக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. இந்த நோய் கண்டவர்களுக்குப் பழகிய சுவரும் பழகிய கதவும்தான் பாதி நினைவு; இடம் மாறினால் கழிவறை எந்தப் பக்கம் என்பதுகூடத் தெரியாமல் போகிறது. ஒருமுறை சென்னையில் மூன்று வாரம் இருந்து திரும்பியபோது, அதுவரை மாலையில் மட்டும் வந்துகொண்டிருந்த குழப்பம் நாள் முழுவதும் நீடித்தது. "வீட்டுக்குப் போகணும், நேரமாச்சு" என்று பையை எடுத்து வைத்துக்கொண்டு வாசலில் அமர்ந்திருந்தார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒருவரை வேரோடு பிடுங்கி நடுவது பிள்ளைகளுக்கு நியாயமான பங்கீடாக இருக்கலாம். தாய்க்கு அது நியாயம் இல்லை. இந்த வழியை விட்டோம், எனினும் அதிலுள்ள பங்கீடு என்ற எண்ணத்தை விடவில்லை.

இரண்டாவது வழி, இருவரையும் அவரவர் வீட்டிலேயே விட்டுவிட்டு ஆள் அமர்த்துவது. இதைப் பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்று சிலர் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அத்தையின் கிராமத்தில், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தன. என் அம்மாவுக்குப் பாளையங்கோட்டையில் நாற்பது ஆண்டுப் பழக்கமுள்ள தெரு இருக்கிறது; காலையில் கோலம் போடாவிட்டால் எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டுவார்கள். என் அப்பாவுக்குப் பின் அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ்வுச் சான்றைக்கூட 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரரே வீட்டுக்கு வந்து கருவியில் பதிவு செய்து தருகிறார். எங்கள் வீட்டுக்கு வந்தால் இவற்றில் பலவற்றை அவர் இழப்பார்.

ஆள் அமர்த்துவதில் நான் கற்றுக்கொண்டவற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏஜென்சியில் பேசும்போது, நர்ஸ் வேலை வேறு, ஆயா வேலை வேறு என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊசி போடவும் குழாய் வழியாக உணவு கொடுக்கவும் பயிற்சி பெற்றவர் வேண்டும், குளிப்பாட்டவும் நடக்க வைக்கவும் அன்பும் உடல் வலுவும் உள்ள ஒருவர் போதும். நாங்கள் விசாரித்தபோது வீட்டோடு தங்கும் ஒருவருக்கு மாதம் 25,000 ரூபாயும் சாப்பாடும் கேட்டார்கள். இரு தாய்மாருக்கும் என்றால் எங்கள் இருவரின் ஓய்வூதியத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. இருபத்துநான்கு மணி நேரமும் தங்குபவர் என்றால் அவர் இருபத்துநான்கு மணி நேரமும் விழித்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பகல் முழுவதும் உழைத்த ஒரு பெண் இரவிலும் நான்கு முறை எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையன்று, அவரும் மனிதர். பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று வைத்தால் செலவு இரட்டிப்பாகிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும், தெற்கே கோயில் கொடைக்கும் அவர்கள் ஊருக்குப் போவார்கள், போக வேண்டும். அந்த நாள்களில் எழுந்திருப்பது யார் என்ற கேள்வி மீண்டும் நம்மிடமே வந்து நிற்கிறது.

நாங்களே கிராமத்துக்குக் குடிபெயர்வது மூன்றாவது வழி. அத்தையின் வீடு ஓட்டு வீடு. கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. அதை மாற்றிக் கட்டிவிடலாம். ஆனால் அங்கே போனால் பாளையங்கோட்டை இன்னும் தொலைவாகிவிடும். என் அம்மாவை நான் கைவிட்டதாகவே ஆகும். ஆகவே இதை அதிகம் பேசாமலேயே விட்டோம்.

நான்காவது வழியைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் தாமே அறியாமல் அதில் போய்ச் சேருகிறார்கள். கணவர் தம் தாயோடு ஓர் ஊரில் இருப்பது, மனைவி தம் தாயோடு வேறோர் ஊரில் இருப்பது. நாங்கள் ஐந்து மாதம் அப்படி இருந்தோம். யாரும் முடிவெடுத்து அப்படிச் செய்யவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்ததால் நான் பாளையங்கோட்டைக்குப் போனேன், அதே சமயத்தில் அத்தையைத் தனியே விட முடியாமல் என் கணவர் கும்பகோணம் பக்கம் போனார், அவ்வளவுதான். தாய்மார் இருவருக்கும் அது நல்ல ஏற்பாடு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எனக்குத் தாழ்வு சர்க்கரையால் வியர்த்து மயக்கம் வந்த ஓர் இரவில், மணிக்கட்டில் கட்டுப் போட்ட 84 வயது அம்மாதான் சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்ச் சர்க்கரை எடுத்து வந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் வேலைக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் ஓடிய பிறகு ஒருவரோடு ஒருவர் அமர்ந்து காபி குடிக்கக் கிடைத்த காலம் இது. அதைக் கேட்பது தன்னலம் என்று நான் கருதவில்லை. பார்த்துக்கொள்கிறவர்கள் இருவராக இருந்தால்தான் ஒருவர் உறங்கும்போது மற்றவர் விழித்திருக்க முடியும். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகளின் பேறுகாலமும் அந்த ஐந்து மாதத்துக்குள்தான் வந்தது. அவளுக்கு நான் இருபது நாள் மட்டுமே துணையிருக்க முடிந்தது.

முதியோர் இல்லத்தை நாங்கள் உணர்ச்சிவசப்பட்டு ஒதுக்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தோம். தமிழ்நாட்டில் இது புதியது அல்ல. சென்னைப் பாலவாக்கத்தில் சாவித்திரி வைத்தி நடத்திய 'விச்ராந்தி' 1978இலேயே தொடங்கியது. இன்று கோயம்புத்தூரைச் சுற்றி ஓய்வுக்காலக் குடியிருப்புகள் நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றில் பல, நடமாட்டம் உள்ள தம்பதியர் வாங்கிக் குடியேறுவதற்காகக் கட்டப்பட்டவை. படுக்கையில் விழுந்தவரை வைத்துப் பராமரிப்பது வேறு வகையான சேவை. மறதி நோய் உள்ளவரைப் பார்த்துக்கொள்வது அதிலும் வேறு. நாங்கள் போன ஓர் இல்லத்தில், தம் வேலையைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருப்பவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வோம் என்றும், அந்த நிலை மாறினால் பிள்ளைகள் வந்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் விண்ணப்பத்திலேயே அச்சிட்டிருந்தார்கள். இன்னோர் இல்லத்துக்குக் காலை பதினொரு மணிக்குப் போனபோது எல்லாம் பளிச்சென்று இருந்தது. சொல்லாமல் மாலை ஏழு மணிக்கு மீண்டும் போனோம்; பதினெட்டுப் பேருக்கு இரவில் ஒரே ஒரு பணிப்பெண் இருந்தார். இல்லம் பார்க்கப் போகிறவர்கள் இருட்டிய பிறகு ஒருமுறை போக வேண்டும், இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் விழித்திருக்கிறார் என்று கேட்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்வேன். எங்களைவிட உடல்நலம் குன்றிய தம்பதியருக்கு, அல்லது உடன்பிறந்தார் இல்லாதவருக்கு, இரவுப் பணியாளர் போதிய அளவில் உள்ள நல்ல இல்லமே சரியான விடையாக இருக்கக்கூடும். அதற்காக யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

இனி, உறவினர் எல்லோரும் எங்களிடம் எதிர்பார்த்த வழி: இருவரையும் எங்கள் வீட்டுக்கே அழைத்து வருவது. நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் இருக்கலாம், ஒரு சமையல், ஒரு மருத்துவர், ஆள் வைத்தாலும் ஒருவர் போதும். நோட்டுக் கணக்கில் இதுவே முதலிடம் பெற்றது. ஆனால் சம்பந்திகள் இருவர் ஒரே கூரையின் கீழ் முதுமையைக் கழிப்பது எப்படிப்பட்டது என்பது அந்த நோட்டில் இல்லை. மகன் வீடு என்பதால் அத்தைக்கு அது தம் வீடு. சமையலறைக்குள் வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பார், அதிகாரத்தோடு குழம்பில் உப்பு குறைவு என்பார். என் அம்மாவுக்கு அது மாப்பிள்ளை வீடு. ஒரு மாதம் வந்து இருந்தபோது, என் கணவர் கூடத்துக்கு வந்தால் நாற்காலியிலிருந்து எழ முயல்வார். முழங்கால் வலியோடு அவர் எழுவதைப் பார்க்க முடியாமல் என் கணவர் கூடத்துக்கு வருவதையே குறைத்துக்கொண்டார். இரவில் விளக்குப் போட்டால் மாப்பிள்ளையின் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே குளியலறைக்குத் தடவிக்கொண்டு போனார். விழாமல் தப்பியது எங்கள் நல்லூழ். தண்ணீர் குடித்தால் இரவில் எழ வேண்டும் என்பதற்காக மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டிருந்தார் என்பதும், அதனால்தான் நீர்க்கடுப்பு வந்தது என்பதும் மருத்துவர் கேட்டபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

மகள் வீட்டில் தாய் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை என்று அவரிடம் பலமுறை சொன்னேன். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டத்தில் பிள்ளைகள் என்ற சொல்லுக்குள் மகனும் மகளும் வயது வந்த பேரன் பேத்தியரும் சமமாக அடங்குகிறார்கள். மருமகனும் மருமகளும் அதில் இல்லை. அதாவது சட்டப்படி என் அம்மாவைப் பார்க்கும் கடமை எனக்கு உண்டு, அத்தையைப் பார்க்கும் கடமை என் கணவருக்கு உண்டு. உலக வழக்கிலோ அது தலைகீழாக இருக்கிறது. ஆனால் எண்பது ஆண்டுப் பழக்கத்தைச் சட்டப் பிரிவைச் சொல்லி மாற்ற முடியாது. அம்மாவின் கூச்சத்தை நான் மதிக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

இங்கேதான் எங்கள் எண்ணத்தில் இருந்த பிழை தெரிந்தது. இரு தாய்மாருக்கும் ஒரே ஏற்பாட்டைச் செய்தால்தான் நடுநிலை என்று நாங்கள் இருவருமே மனத்துக்குள் நினைத்திருந்தோம். அவர் தாயை அழைத்து வந்து என் தாயை விட்டுவிட்டால் எனக்கு மனக்குறை வரும் என்று அவர் அஞ்சினார். நான் கேட்டால் அவர் மறுக்க முடியாதே என்று நான் தயங்கினேன். ஆனால் ஒருவருக்கு நினைவு தளர்ந்து உடல் வலுவாக இருக்கிறது. மற்றவருக்கு உடல் தளர்ந்து நினைவு தெளிவாக இருக்கிறது. ஒருவரால் தாம் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. மற்றவர் தெளிவாகச் சொல்கிறார். இந்த இருவருக்கும் ஒரே ஏற்பாடு என்பது எப்படிப் பொருந்தும்?

ஆகவே அத்தையை எங்கள் வீட்டுக்கு நிலையாக அழைத்து வந்தோம். முறை வைப்பதைத் தலைகீழாக்கினோம்: அத்தை பிள்ளைகள் வீட்டுக்கு முறை போவதில்லை, பிள்ளைகள் அத்தையிடம் முறை வருகிறார்கள். கொழுந்தனாரும் நாத்தனாரும் மாதத்துக்கு ஒருவராக மாறி மாறிப் பத்து நாள் திருச்சிக்கு வந்து தங்குகிறார்கள். நாத்தனார் வேலையில் இருப்பவர் என்பதால் சில மாதங்களில் தாம் வருவதற்குப் பதிலாக இரவுப் பணிப்பெண்ணின் சம்பளத்தை ஏற்கிறார். இதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒரு தாளில் எழுதி நால்வரும் கையொப்பம் இட்டோம். உடன்பிறந்தாரிடையே எழுத்து எதற்கு என்று கொழுந்தனார் முதலில் வருத்தப்பட்டார், பிறகு அதனால் எவ்வளவு பேச்சு மிச்சமாயிற்று என்பதை அவரே சொன்னார். அத்தையின் வங்கிக் கணக்கில் என் கணவரின் பெயரையும் அப்போதே சேர்த்தோம். கையெழுத்தின் பொருள் தெரியும் நிலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரம்கூட, கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால் செல்லாமல் போய்விடும்.

இரவுகளைக் குறைத்ததில் முதல் பங்கு ஒரு முதியோர் நல மருத்துவருக்கு உரியது. முதியோர் மருத்துவத்துக்குச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் மருத்துவர் வி.எஸ். நடராசன் முன்னின்று தனிப் பிரிவு தொடங்கினார்; கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024இல் திறக்கப்பட்டது. ஆனாலும் நம்மில் பலர் முதியவர்களை இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர் என்றே காட்டுகிறோம். திருச்சியில் நாங்கள் பார்த்த மருத்துவர் அத்தையின் பதினொரு மாத்திரைகளையும் மேசையில் பரப்பி வைக்கச் சொன்னார். சிறுநீர் பிரிவதற்கான மாத்திரை இரவு உணவுக்குப் பின் கொடுக்கப்பட்டுவந்தது; அதைக் காலைக்கு மாற்றினார். தூக்க மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மாலையில் வெயில் இறங்கும் முன்பே வீட்டு விளக்குகளை எல்லாம் போட்டுவிடச் சொன்னார். நான்கு முறை எழுந்தவர் இப்போது பெரும்பாலும் ஒரு முறை எழுகிறார். எந்த ஏற்பாட்டையும் தேர்ந்தெடுப்பதற்கு முன் இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால், முடியாது என்று தோன்றிய வழிகளில் ஒன்றிரண்டு முடியும் என்று ஆகிவிடுகின்றன.

அம்மா பாளையங்கோட்டையிலேயே இருக்கிறார். பகலில் சமையலுக்கும் உதவிக்கும் ஒருவர் வருகிறார். இரவில் எங்கள் சித்தப்பாவின் மருமகள் முறையுள்ள, கணவரை இழந்த ஒரு பெண் வந்து படுத்துக்கொள்கிறார், அவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை கொடுக்கிறோம். கொழுந்தனாரோ நாத்தனாரோ திருச்சியில் இருக்கும் பத்து நாளும் நாங்கள் இருவரும் சேர்ந்தே அங்கே போய்விடுகிறோம். குளியலறையில் கைப்பிடிக் கம்பிகள் பொருத்தி, வழவழப்பான ஓடுகளை மாற்றினோம். மருத்துவக் காப்பீட்டில்தான் இன்னும் குறை இருக்கிறது; ஓய்வூதியருக்கான அரசின் திட்டத்தில் நானும் என் கணவரும் மட்டுமே அடங்குகிறோம், தாய்மார் அடங்கவில்லை. அதற்கென்று என் பணிக்கொடையில் ஒரு பகுதியை வங்கியில் தனி வைப்பாகப் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடமும் ஒரு பேச்சு முடிந்திருக்கிறது. இரவில் பிறர் கை கொடுக்காமல் எழ முடியாத நிலை வந்தால் திருச்சிக்கு வந்துவிடுகிறேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதுவரை அழைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார். சென்ற மாதம் எங்கள் வீட்டின் பின் அறைக் குளியலறையின் கதவு நிலையைப் பெயர்த்து, இரண்டரை அடிக்கும் குறைவாக இருந்ததைச் சக்கர நாற்காலி நுழையும் அளவுக்கு அகலமாக்கினோம். அந்த அறை கூடத்தைப் பார்த்து இருந்தது; மாப்பிள்ளையின் எதிரில் நடக்க நேராமல் இருப்பதற்காகப் பக்கவாட்டுச் சுவரில் தனியே ஒரு வாசல் திறந்து, அதற்கு ஒரு திரை தைத்து மாட்டியிருக்கிறேன்.